கடலில் ஏழு நாள், கரையில் மூன்று நாள்!

"அம்மா! ஏழு நாள் நான் படகிலேயே இருக்கப் போகிறேன். தினம் மூன்று தடவை கடலுக்கு அடியில் போய்விட்டு வருவேன்!"

வயது வந்த பெண் இப்படிச் சொன்னால் பெற்ற தாயார் என்ன பதில் சொல்வாள்? சிலர் மயக்கம் போட்டு விழலாம். சிலர் ஜோசியரைத் தேடி ஓடலாம். என் அக்கா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"சாப்பாடு?"

என் அக்கா இருப்பது கருவேப்பிலங்குறிச்சியில். விருத்தாசலத்தில் பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் வந்துவிடும் ஊர். வெள்ளாறும் வயலும் முந்திரித் தோப்பும் சூழ்ந்த அந்தப் பக்கத்தில், தண்ணீர் என்றால் ஆற்றுத் தண்ணீர்தான். மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது கூடவே போய்வருவார்களே, அதுதான் அவர்களுக்குக் கடலோடு உள்ள சம்பந்தம்.

அக்காவின் கணவரை, எங்கள் பக்கத்து வழக்கப்படி, நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். விருத்தாசலத்துப் பீங்கான் கம்பெனி ஒன்றில் சூளைக்குப் பொறுப்பாக இருந்தார். அவர் காலமான பிறகு அக்கா தனியாக நின்று ஒரே மகளைப் படிக்க வைத்தாள். மகள் சென்னையில் உத்தியோகம் பார்க்கிறாள். சனி ஞாயிறுகளில் புதுச்சேரிக்குப் போய் ஸ்கூபா முழுக்குக் கற்றுக்கொண்டாள். முதல் பரீட்சையில் தேறினால் 18 மீட்டர் ஆழம் வரை போகலாம். அடுத்ததில் தேறினால் 30 மீட்டர். இவள் இரண்டிலும் தேறிவிட்டாள். சேர்த்து வைத்த பணத்தில் மாலத்தீவுக்குப் போகப் போவதாக ஒரு கார்த்திகை தீபத்தன்று, வாசலில் அகல் ஏற்றிக் கொண்டிருந்த தாயாரிடம் மெள்ளச் சொன்னாள்.

"நீங்கள் இரண்டு பேரும் கூடவே வரவேண்டும், சித்தி! அம்மா கடலைச் சரியாகப் பார்த்ததே இல்லை" என்று என்னையும் இழுத்துவிட்டாள்.

அந்தப் பிரயாணத்தைத் திட்டமிட்ட கதைதான் இது. இப்போது நம் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் முதுகில் காற்றுக் குப்பியைக் கட்டிக்கொண்டு கடலில் குதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் நாளைக்கே இந்தப் பேச்சு வரலாம். ஆகையால் கொஞ்சம் கவனித்து வையுங்கள்.

தங்கு படகு

தூத்துக்குடிச் சலாபத்தில் முத்துக் குளித்தவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு, காலில் கல்லைக் கட்டி இறங்கினார்கள். மூச்சு நின்ற நேரம்தான் அவர்களுக்குக் கடலில் தங்கும் நேரம். 1943-ல் பிரான்ஸ் தேசத்தில் ஜாக் கூஸ்தோ, எமீல் கான்யான் என்ற இருவர், குப்பியிலுள்ள காற்றை வேண்டிய அளவு மட்டும் வாய்க்குக் கொடுக்கும் ஒரு கருவியைச் சரிப்படுத்தினார்கள். அதற்குப் பிறகு மனிதன் கடலுக்கு அடியில் சாவகாசமாக மூச்சுவிட்டுக் கொண்டே சுற்றிப் பார்க்க முடிந்தது.

கரையிலிருந்து போய் முங்கிவிட்டு வருவது ஒரு விதம். படகிலேயே படுத்து, படகிலேயே சாப்பிட்டு, இன்றைக்கு ஓரிடம் நாளைக்கு ஓரிடம் என்று போய்க்கொண்டே முங்குவது இன்னொரு விதம். இதற்கென்றே அறை, சமையற்கட்டு, மேல்தளம் எல்லாம் வைத்துக் கட்டிய தங்கு படகுகள் இருக்கின்றன. மாலத்தீவில் இவற்றைச் 'சபாரி படகு' என்கிறார்கள். கூடவே ஒரு சின்னப் படகும் வரும். குப்பிகளும் காற்றடைக்கும் இயந்திரமும் அதில்தான். அதன் பெயர் 'தோனி'! நம்முடைய தோணியேதான் என்று தோன்றுகிறது அல்லவா?

காலை ஆறு மணிக்கு மணி அடிப்பார்கள். ஒரு முழுக்கு, பிறகு பலகாரம். பதினொரு மணிக்கு ஒரு முழுக்கு, பிறகு சாப்பாடு. மூன்று மணிக்கு மற்றொரு முழுக்கு, பிறகு காப்பி. மற்ற நேரமெல்லாம் தூக்கம். "இது உல்லாசப் பிரயாணமா, கைக்குழந்தையின் தினசரியா?" என்று கேட்டேன். மகள் சிரித்தாள்.

முங்காதவர்களையும் சில படகுகளில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் எல்லாரும் தண்ணீருக்குள் போய்விட்டால், மேலே அலையை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டியதுதான். ஆகையால் அக்காவும் நானும் ஒரு தீவில் தங்குவது, மகள் படகில் போவது என்று தீர்மானம் ஆயிற்று.

கணக்கில் ஒரு தவறு

மகள் முதலில் போட்டிருந்த திட்டம் இதுதான்: ஞாயிற்றுக்கிழமை காலை விமானம் ஏறி மாலே போய் இறங்கி, அன்று மத்தியானமே படகு ஏறுவது. அடுத்த சனிக்கிழமை காலை கடைசி இரண்டு முழுக்கு. அன்று மாலை ஐந்து மணிக்குத் திரும்பும் விமானம். இரவு திருவனந்தபுரத்தில் ரயில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்குவது.

அத்தனை அவசரம் எதற்கு? அன்று மாலை அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள்! நல்ல இடம். தை மாதத்தில் அந்த ஞாயிறுதான் இரு தரப்புக்கும் சௌகரியமான நாள் என்று அக்கா முன்னமே வாக்குக் கொடுத்திருந்தாள்.

படகுக்காரர்கள் அனுப்பியிருந்த விதிகளை மகள் மேலெழுந்தவாரியாகப் பார்த்திருந்தாள். நானோ காகிதம் என்று எது கிடைத்தாலும் கடைசி வரி வரை படித்துவிடுகிற ஆசாமி. படித்துக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றேன். கடைசி முழுக்குக்கும் ஆகாய விமானத்துக்கும் இடையே 24 மணி நேரம் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. மகளின் திட்டத்திலோ ஐந்து மணி நேரங்கூட இல்லை!

"இது என்னம்மா?" என்று காட்டினேன்.

"அதெல்லாம் சும்மா பயமுறுத்துகிறது, சித்தி. எனக்கு ஒன்றும் ஆகாது. அவர்களிடம் விமான நேரத்தைச் சொல்லாமல் இருந்தால் போயிற்று" என்றாள்.

ஆனால் அது சும்மா பயமுறுத்தல் அல்ல. நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நாலு பங்கு நைட்ரஜன் என்ற வாயு. தரையில் இருக்கும்போது அதனால் ஒரு தொந்தரவும் இல்லை. கடலில் 10 மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. 20 மீட்டரில் மூன்று மடங்கு. 30 மீட்டரில் நாலு மடங்கு. அந்த அழுத்தத்தில் நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைந்துகொண்டே போகிறது. மேலே வரும்போது கரைந்ததெல்லாம் மெள்ள மெள்ள மூச்சு வழியாக வெளியேற வேண்டும். கரைக்கு வந்த பிறகும் மிச்சம் மீதி வெளியேறப் பல மணி நேரம் ஆகும். ஒரு வாரம் தினம் மூன்று முழுக்குப் போட்டவர்களுக்கு அந்த மிச்சமும் அதிகம்.

கோலி சோடாவைப் பார்த்திருக்கிறீர்கள். மூடி இருக்கிறவரை தெளிந்த தண்ணீராக இருக்கிறது. கோலியைத் தட்டினதும் குபுகுபுவென்று பொங்குகிறது. விமானத்துக்குள் காற்றழுத்தம் தரையில் இருப்பது போல் இராது. 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போலக் குறைந்துவிடும். உதகமண்டலத்து உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது அந்த உயரத்துக்குப் போனால், கோலியைத் தட்டின கதைதான். ரத்தத்தில் குமிழி கிளம்பலாம். மூட்டு வலி, தோலில் தடிப்பு, கை கால் மரத்துப்போதல் என்று ஆரம்பித்து, மோசமானால் பக்கவாதத்தில் கொண்டு போய் விடலாம். ஆகாயத்தின் நடுவே அதற்கு என்ன வைத்தியம் செய்ய முடியும்? உடனே பிராணவாயு கொடுத்து, அழுத்த அறை உள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

முங்குகிறவர்களின் பாதுகாப்புக்காக உலகெங்கும் பணி செய்யும் 'டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க்' என்ற அமைப்பின் யோசனை இது: ஒரே ஒரு முழுக்குப் போட்டவர்கள் 12 மணி நேரமாவது பொறுக்க வேண்டும், பல நாள், பல முழுக்குப் போட்டவர்கள் 18 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். அதற்கு மேல் எவ்வளவு பொறுத்தாலும் நல்லதே. அதனால்தான் பல படகுக்காரர்கள் முழுசாக 24 மணி நேரம் என்கிறார்கள். மலைக்கும் இதே விதிதான். இராமேஸ்வரத்தில் முங்கிவிட்டு அன்றைக்கே கொடைக்கானலுக்குக் கார் ஏறுவதும் தவறு.

இதையெல்லாம் நான் விளக்கிச் சொன்னேன். மகள் அரை மனசாகத் தலையாட்டினாள். அக்கா ஒன்றும் பேசாமல் திரியைத் தூண்டிக்கொண்டு இருந்தாள். பிறகு, "ஏண்டி, உன் அப்பா சூளையைப் பற்றி என்ன சொல்வார்?" என்று கேட்டாள்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நெருப்பை அணைத்த உடனே கதவைத் திறக்கலாமா?"

"கூடாது."

"திறந்தால்?"

"வெளிக்காற்றுப் பட்டுச் சாமானெல்லாம் விரிசல் விட்டுவிடும். தானாக ஆறுகிற வரைக்கும் காத்திருக்கணும் என்பார்."

"ஆர்டர் கொடுத்தவன் லாரியைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினாலும் உன் அப்பா கதவைத் திறந்ததில்லை. முதலாளியே வந்து நின்றாலும் திறந்ததில்லை. மண் பொம்மைக்கே அவ்வளவு பொறுமை வேண்டியிருந்தது. நீ என் பெண். உன்னை ஆறவிடாமல் நான் ஏரோப்ளேனில் ஏற்றுவேனா?"

நான் சொன்ன விஞ்ஞானம் முழுவதையும்விட அந்தச் சூளைக் கதை மகளைத் தொட்டுவிட்டது. அவள் கண் கலங்கிப் போயிற்று.

"சரி அம்மா. சனிக்கிழமை இரண்டு முழுக்கையும் விட்டுவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தோடு நிறுத்திக்கொண்டால் 24 மணி நேரம் ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடலாம்" என்றாள்.

"எதற்கு விடணும்? இரண்டு வருஷம் பணம் சேர்த்து அதற்குத்தானே போகிறாய்?" என்றாள் அக்கா. கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போய், மாப்பிள்ளை வீட்டாருக்குத் தானே போன் செய்தாள். நாங்கள் இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

"சம்பந்தி என்று சொல்லலாமோ கூடாதோ, ஒரு விஷயம் சொல்ல வேண்டும். என் பெண் கடலில் முங்கக் கற்றவள். அந்த வாரம் மாலத்தீவுக்குப் போகிறாள். முங்கி எழுந்தால் ஒரு நாள் தரையில் ஆறணுமாம். ஞாயிற்றுக்கிழமைக்கு அவளால் வர முடியாது. புதன்கிழமை வருவதாக இருந்தால் எங்களுக்குச் சந்தோஷம். இல்லை, இந்தப் பழக்கமெல்லாம் பிடிக்கவில்லை என்றால் அதையும் இப்போதே சொல்லிவிடலாம்."

அந்தப் பக்கத்தில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு என்னவோ சொன்னார்கள். அக்கா, "சரி" என்று வைத்துவிட்டாள்.

"என்ன சொன்னார்கள்?"

"கலந்து பேசிவிட்டுச் சொல்கிறார்களாம்" என்று அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள்.

முதல் நாள்: முன்கூட்டியே போவது

அன்று இரவே திட்டத்தைத் திருத்தி எழுதினோம். கடலில் ஏழு நாள், கரையில் மூன்று நாள். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு.

முன்னால் ஒரு நாள் எதற்கு? விமானம் தாமதமாகலாம், பெட்டி வராமல் போகலாம். படகு புறப்பட்டுவிட்டால் நடுக்கடலில் அதைத் தேடிப் பிடிப்பது எப்படி? மேலும், மூக்கு அடைத்திருந்தால் முங்கக் கூடாது. காதுக்குள் அழுத்தம் சமமாகாமல் செவிப்பறை கெட்டுவிடும். பிரயாண அலுப்பும் ஜலதோஷமும் தீர ஒரு ராத்திரித் தூக்கம் அவசியம்.

தை மாதப் பிற்பகுதியில் ஒரு சனிக்கிழமை நாங்கள் புறப்பட்டோம். திருவனந்தபுரத்திலிருந்து மாலே சுமார் 600 கிலோமீட்டர். நம்மவர்களுக்கு அங்கே இறங்கின பிறகே விசா இலவசமாகக் கொடுக்கிறார்கள். ஆனால் பிரயாண விவரப் படிவத்தைப் புறப்படுவதற்கு முன் 96 மணி நேரத்துக்குள் கணினி வழியாக நிரப்பி அனுப்பிவிட வேண்டும்.

அக்கா எப்போதும் பெட்டியில் ஒரு சிறு பிள்ளையார் விக்கிரகத்தை வைத்துக்கொள்வாள். அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். மாலத்தீவு இஸ்லாமிய நாடு. வழிபாட்டு விக்கிரகங்களையும் மதுவையும் உள்ளே கொண்டுவர அனுமதி இல்லை. "மனசுக்குள் இருக்கிற பிள்ளையாரைச் சோதனை போடுவார்களா?" என்றாள் அக்கா. அன்பளிப்புக்காக விருத்தாசலத்துப் பீங்கான் யானை ஒரு ஜோடியும், ஒரு சின்ன ஊறுகாய் ஜாடியும் எடுத்துக்கொண்டாள்.

விமான நிலையம் ஒரு தனித் தீவு. தலைநகரான மாலே ஒரு தீவு. ஹுல்ஹுமாலே இன்னொரு தீவு. கடலைத் தூர்த்து உண்டாக்கியது அது. 2018-ல் திறந்த பாலம் இவற்றை இணைக்கிறது. ஹுல்ஹுமாலேயில் இறங்கி, கடற்கரையில் காலாற நடந்துவிட்டுத் தூங்கினோம். மறுநாள் மத்தியானம் மகள் படகேறினாள். அக்கா கையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். படகு புள்ளியான பிறகும் ஆட்டினாள்.

தாயார் முங்கிய கதை

மாலத்தீவில் சுமார் 1,200 தீவுகள். அவற்றில் மக்கள் குடியிருப்பவை ஏறத்தாழ 200. ராஜராஜ சோழன் கடலிலுள்ள பழந்தீவுகள் பன்னீராயிரத்தைக் கைப்பற்றினான் என்று கல்வெட்டுக்கள் கூறுகின்றன. அவை மாலத்தீவுகளே என்பது சரித்திர ஆசிரியர்களின் கருத்து. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஜயங்கொண்டம் பக்கம் போனால், அவன் மகன் கட்டிய கங்கைகொண்ட சோழபுரம். "அப்படியானால் நாம் அந்நிய தேசத்துக்கு வரவில்லை" என்று அக்கா சமாதானம் செய்துகொண்டாள்.

1972-ல் உல்லாசப் பிரயாணிகள் வர ஆரம்பித்த காலம் முதல், அவர்களுக்கென்று தனித் தீவுகளில் ஹோட்டல்கள் கட்டினார்கள். அங்கே செலவு அதிகம். ஊர் ஜனங்கள் வாழும் தீவுகளிலும் விருந்தினர் விடுதிகள் நடத்தலாம் என்று 2009-க்குப் பிறகு அனுமதி கிடைத்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு அதுவே வழி. நாங்கள் தங்கிய மாபுஷித் தீவு அப்படிப்பட்டது. மாலேயிலிருந்து சாதாரணப் படகு சர்வீஸில் ஒன்றரை மணி நேரம். வெள்ளிக்கிழமை அங்கே விடுமுறை. அந்தப் படகு ஓடாது. நாட்களைக் கணக்கிடும்போது இதை மறந்துவிடாதீர்கள்.

ஊர்த் தீவில் இன்னொரு சௌகரியம். அயல்நாட்டார் நீச்சல் உடையில் குளிக்கத் தனி இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். மற்ற இடங்களில் அந்த ஊர் ஸ்திரீகள் முழு உடையோடேயே கடலில் இறங்குகிறார்கள். நம்மவர்களுக்குக் கூச்சமே இல்லை.

மூன்றாம் நாள், மிதக்கும் சட்டையைப் போட்டு, கண்ணாடி முகமூடியும் மூச்சுக்குழாயும் மாட்டி, இடுப்பளவு தண்ணீரில் அக்காவை நிறுத்தினார் ஒரு பையன். "வேண்டாம்பா, வேண்டாம்பா" என்று சொல்லிக்கொண்டே முகத்தைத் தண்ணீரில் வைத்தாள். பிறகு எடுக்கவே இல்லை! நான் பயந்துபோய்த் தோளைத் தட்டினேன். "சும்மா இரு. இங்கே ஒருத்தன் கல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறான்" என்றாள்.

அது கிளிமீன். பச்சையும் நீலமுமாக, கிளி மூக்குப் போன்ற வாயால் பவளப் பாறையைக் கறுக் கறுக்கென்று கடித்து அரைக்கிறது. பாசியைத் தின்றுவிட்டு, அரைபட்ட கல்லை வெள்ளை மணலாக வெளியே தள்ளுகிறது. மாலத்தீவின் வெண்மணலில் பெரும் பகுதி இந்த மீன் அரைத்துப் போட்டதுதான்! விஷயத்தைக் கேட்டதும் அக்கா, "கடலுக்குள்ளேயும் மண் அரைக்கிற கம்பெனி இருக்கிறது" என்றாள்.

ஒரு மாலை டால்பின் பார்க்கப் போனோம். ஒரு நாள் வெறும் மணல்திட்டில் கொண்டு போய் விட்டார்கள். ஒரு மரம் இல்லை, ஒரு வீடு இல்லை. சுற்றிலும் பச்சைக் கடல். கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டோம். மற்ற நேரத்தில் விடுதிக்கார அம்மாளோடு சமையலறையில் பேச்சு. அவர்கள் காலைப் பலகாரம் 'மாஸ் ஹுனி'. தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாயோடு சூரை மீனைப் பிசைந்து, 'ரோஷி' என்ற ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். நம் கடைகளில் மாசிக் கருவாடு என்று விற்கிறார்களே, அது இந்தத் தீவுகளின் பாரம்பரியச் சரக்கு. சூரையை அவித்து, புகை காட்டி, கல்லாக உலர்த்துவது. மீன் சாப்பிடாதவர்கள் புளிக்காய்ச்சலும் பருப்புப் பொடியும் கொண்டு போவது நல்லது. அக்காவின் ஊறுகாய் ஜாடி அந்த அம்மாளின் அலமாரியில் ஏறிவிட்டது.

ஆனாலும் ஒவ்வொரு நாளும் மூன்று மணி முழுக்கு முடியும் நேரத்துக்கு அக்கா போனைக் கையில் எடுத்துக்கொள்வாள். "எழுந்துவிட்டேன்" என்று ஒரு வரி வரும். அதற்குப் பிறகுதான் அவளுக்குக் காப்பி இறங்கும். இரண்டு நாள் படகுக்குத் தொடர்பு கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அவள் காப்பியே குடிக்கவில்லை.

சும்மா இருக்கும் நாள்

ஞாயிற்றுக்கிழமை காலை மகள் படகிலிருந்து இறங்கினாள். முகம் கறுத்து, தலைமுடி சிக்குப் பிடித்து, கண் மட்டும் பளபளவென்று இருந்தது. தெற்கு ஆரி என்ற இடத்தில் திமிங்கலச் சுறாவைப் பார்த்தாளாம். "ஒரு பஸ் நீளம் அம்மா! உடம்பெல்லாம் கோலம் போட்ட மாதிரி வெள்ளைப் புள்ளி. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை" என்றாள். அது உலகத்திலேயே பெரிய மீன். மனிதரை ஒன்றும் செய்யாது.

அன்று முழுவதும் அவள் ஆறவேண்டிய நாள். முங்கல் இல்லை, விமானம் இல்லை, ஓட்டமும் இல்லை. நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு மெள்ள நடக்கலாம். விடுதி மாடியில் அவள் உடையையும் கருவிகளையும் நல்ல தண்ணீரில் அலசி உலர்த்தினோம். ஈரத்தோடு கட்டினால் பெட்டியின் எடை ஏறிவிடும்.

பிறகு மாலே நகரைச் சுற்றினோம். சின்ன ஊர்தான், நடந்தே பார்த்துவிடலாம். மீன் அங்காடியில் சூரையைக் கண்மூடித் திறப்பதற்குள் துண்டு போடுகிறார்கள். அவர்கள் வலை வீசி வாருவதில்லை. கழியும் தூண்டிலுமாக ஒவ்வொரு மீனாகப் பிடிப்பதுதான் அங்கே பரம்பரை வழக்கம். அரும்பொருட்காட்சி சாலையில் 1153-க்கு முன், அங்கே பௌத்தம் இருந்த காலத்துச் சின்னங்கள் கொஞ்சம் இருக்கின்றன. 2012-ல் நடந்த கலவரத்தில் பல சிற்பங்கள் நொறுங்கிப் போயின.

1658-ல் கட்டிய பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல் எதிரே அக்கா வெகு நேரம் நின்றுவிட்டாள். உள்ளே போவதற்கு அனுமதி பெற வேண்டும், வெளிச்சுவரே போதும். முழுவதும் பவளக் கல். கடலிலிருந்து வெட்டும்போது மிருதுவாக இருக்குமாம். காற்றில் உலர உலரக் கெட்டிப்பட்டுவிடுமாம். சுவர் முழுக்கத் தச்சு வேலை போல நுணுக்கமான செதுக்கல்.

"பச்சையாக இருக்கும்போதே செதுக்கிவிட்டு, பிறகு ஆறவிட்டிருக்கிறார்கள். உன் அப்பா பார்த்திருந்தால் இந்த இடத்தை விட்டு நகரமாட்டார்" என்றாள் மகளிடம். மாமா காலமானதற்குப் பிறகு அவரைப் பற்றி அழாமல் அவள் பேசி நான் கேட்டது அன்றைக்குத்தான். தாயும் மகளும் அங்கே ஒரு நிழலில் உட்கார்ந்து, அவரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார்கள். நான் நாலு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டேன்.

முதலில் போட்ட திட்டப்படி நடந்திருந்தால், அந்த நேரத்தில் நாங்கள் ரயிலில் தலை வாரிக்கொண்டு இருந்திருப்போம்!

சில குறிப்புகள்

உங்கள் வீட்டில் யாராவது இப்படிப் புறப்பட்டால் உதவும் என்று சிலவற்றைச் சொல்லி வைக்கிறேன்.

திட்டம் போடும்போது கடைசி முழுக்கு என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். அதிலிருந்து 24 மணி நேரத்தைக் கூட்டிய பிறகே விமான டிக்கெட் வாங்குங்கள். தீவுகளுக்கிடையே பறக்கும் சிறு கடல் விமானத்தில் ஆசை இருந்தால், அதை முழுக்குகளுக்கு முந்தியே வைத்துக்கொள்ளுங்கள்.

வைத்தியச் சான்றும், முழுக்கு விபத்துக்குச் செல்லும் இன்ஷூரன்ஸும் இல்லாமல் அனுப்பாதீர்கள். கர்ப்பிணிகள் முங்கவே கூடாது. மாதாந்திர நாட்களில் முங்கலாமா என்று பெண்கள் கேட்கத் தயங்குகிறார்கள். உடம்புக்குச் சுகமாக இருந்தால் தடை ஒன்றும் இல்லை. அதனால் சுறா வரும் என்பது கட்டுக்கதை.

மார்கழி முதல் சித்திரை வரை பொதுவாக வானம் வெளுத்திருக்கும். ரமலான் மாதத்தில் ஊர்த் தீவுகளில் பகலில் சாப்பாட்டுக் கடைகள் மூடியிருக்கும், பஞ்சாங்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். விடுதிக் கட்டணத்தோடு பசுமை வரி என்று ஒன்று உண்டு. 2025 ஜனவரி முதல் ஆளுக்கு ஒரு நாளைக்குத் தங்கு படகில் 12 டாலர். சிறு விடுதியில் 6 டாலர்.

பவளத் துண்டு, ஆமை ஓடு எதையும் ஞாபகார்த்தமாக எடுத்து வராதீர்கள். அங்கேயும் குற்றம், நம் நாட்டிலும் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பவளம் வைத்திருப்பது குற்றம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தச் சும்மா இருக்கும் நாளை வீண் நாள் என்று எண்ணி நறுக்கிவிடாதீர்கள்.

மாப்பிள்ளை வீட்டார் என்ன ஆனார்கள் என்றுதானே கேட்கிறீர்கள்? புதன்கிழமை வந்தார்கள். பஜ்ஜியும் கேசரியும் ஆன பிறகு, பிள்ளையின் தாயார் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பாடத் தெரியுமா, சமைக்கத் தெரியுமா என்று ஒன்றும் கேட்கவில்லை.

"ஏம்மா, என்னைப் போல வயதானவர்கள்கூடக் கடலுக்குள் பார்க்கலாமா?" என்றார்.

"பார்க்கலாம்!" என்று அடுப்பங்கரையிலிருந்து பதில் வந்தது. சொன்னது மகள் அல்ல, என் அக்கா.